பன்னிரண்டு கவர்களைப் புதைத்த கதை

சிவகாசி காளீஸ்வரன் தயாரித்த கவரில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. மக்கும் என்று சொல்லி அதைத் தயாரித்தார். அது மக்கியது. இப்படிச் சொன்னதைச் செய்கிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குள் நுழையலாமா என்று அவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நல்ல மனிதர்களிடம் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

அதற்கு முன்பு அவர் இருபது வருடம் பிளாஸ்டிக் கவர் கம்பெனி நடத்தியவர். சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அவர் கவருக்குள் ஏறித்தான் ஊர் ஊராகப் போயின. பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. மெஷினை நிறுத்தினார். வேலை பார்த்த ஒன்பது பெண்களும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். பதினொரு வருடம் கட்டிங் மெஷினில் நின்ற முத்துச்செல்வி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு, காலை ஆறு மணி வேனில் போக ஆரம்பித்தாள். அந்த ஆலை போர்மேனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் காளீஸ்வரனேதான்.

அந்தக் கடிதம் அவரைப் போட்டுப் படுத்தியது. தென்மேற்கில் எங்கேயாவது பெரிய சத்தம் கேட்டால் உடனே அவள் செல்போனுக்கு அடிப்பார். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடைய போனும் வாசலில் ஒரு மரப்பெட்டிக்குள் கிடக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே வந்ததும் அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிடுவாள். "இருக்கேன் அண்ணாச்சி" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகுதான் காளீஸ்வரன் சாப்பிடுவார்.

இதற்கு ஒரு வழி பிறந்தது விருதுநகரில் ஒரு கல்லூரியில். அங்கே வேதியியல் சொல்லிக்கொடுக்கும் அனுப்பிரியா, ஊரெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல இலையைக் காய்ச்சி, அதில் துத்தநாக உப்பைக் கலந்து, கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களை உண்டாக்கியிருந்தார். அந்தத் துகள்களை மக்காச்சோள மாவுக் கூழில் சேர்த்து ஏடாக ஊற்றிக் காயவைத்தால் கவர். உள்ளே வைத்த பண்டத்தில் பூஞ்சை அண்டாது. வெளியே எறிந்தால் நாலு மாதத்தில் கவர் மண்ணாகிவிடும். காளீஸ்வரன் அந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்து செய்து பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரம் செய்யும் லட்சுமிகாந்தம், ஏழு நாளில் கெடுகிற சரக்கு அந்தக் கவருக்குள் பதினொரு நாள் இருந்ததை ருசி பார்த்தே ஒப்புக்கொண்டார்.

"மக்கும்னு வாரியத்துல ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துருங்க அண்ணாச்சி. மறுநாளே ஆர்டர்" என்றார் லட்சுமிகாந்தம்.

காளீஸ்வரன் நேராக முத்துச்செல்வி வீட்டுக்குப் போனார். "ஆறே மாசம்தாம்மா. மறுபடி நம்ம மெஷினுக்கே வந்துரலாம்" என்று வாக்குக் கொடுத்தார். அது தை மாதம்.

வாரியம் என்று லட்சுமிகாந்தம் சொன்னது மக்கும் பொதிகள் தகுதிச்சான்று வாரியத்தை. அதன் மண்டல அலுவலகம் விருதுநகரில், பின்னால் பெரிய காலி இடம் உள்ள ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. துணை இயக்குநர் தனுஷ்கோடியின் மேசைமேல் ஒரு மணி, ஒரு முத்திரை, ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. மூன்றையும் ஓர் ஊழியர் தினமும் துடைத்து வைப்பார்.

தனுஷ்கோடி கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதில் துகள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே?"

"அது கண்ணுக்குத் தெரியாதுங்க சார். அம்புட்டுப் பொடிசு."

"ஒன்பதாவது கலத்தைப் பாருங்கள். 'துகளை நேரில் கண்டேன்' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைக் கண்டேன் என்று ஒரு பொறுப்புள்ள அதிகாரி எப்படி எழுதுவான்?"

காளீஸ்வரன், அனுப்பிரியா கொடுத்திருந்த நுண்ணோக்கிப் படத்தை நீட்டினார். தனுஷ்கோடி அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"இது போட்டோ. உங்கள் போட்டோவை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருந்தால், நீங்கள் நேரில் வந்ததாக ஆகுமா?"

பிறகு அவரே மனம் இரங்கி, ஒரு பூதக்கண்ணாடியை வரவழைத்துக் கவரின் மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். "இருக்கிறது" என்றார். காளீஸ்வரனும் எட்டிப் பார்த்தார். அது காலையில் துணை இயக்குநர் சாப்பிட்ட காராச்சேவின் துணுக்கு. சொல்லலாமா என்று வாயைத் திறந்தார். பின்னால் நின்ற எழுத்தர் சங்கிலிமுத்து அவர் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒன்பதாவது கலத்தில் 'துகள்: ஒன்று. நிறம்: பழுப்பு' என்று பதிவாகியது.

அத்தோடு விட்டிருக்கலாம். துகள் என்றால் தூள்தானே என்று தனுஷ்கோடிக்குத் தோன்றிவிட்டது. சிவகாசியிலிருந்து எந்தத் தூள் வந்தாலும் அதற்கென்று தனியாக ஒரு வெடிமருந்துப் படிவம் இருந்தது. மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர்? அறைக்கும் அறைக்கும் இடைவெளி எவ்வளவு? இடிதாங்கி உண்டா? பெண்கள் பருத்திச் சேலை உடுத்துகிறார்களா? காளீஸ்வரன் எல்லாக் கேள்விக்கும் 'மருந்து இல்லை, மக்காச்சோள மாவு' என்று எழுதிக் கொடுத்தார். சங்கிலிமுத்து அதை அடித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார்.

"இல்லைன்னு எழுதக்கூடாது அண்ணாச்சி. இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேப்பாக. 'பாதுகாப்பாக உள்ளது'ன்னு எழுதுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

எழுதினார். எழுதியதற்காகச் செய்யவும் வேண்டியிருந்தது. கூழ் காய்ச்சும் கொட்டகைக்கு நாலு பக்கமும் மணல் வாளி தொங்கியது. கூரைமேல் இடிதாங்கி ஏறியது. கூழ் கிண்டும் இரண்டு பேரும் நாற்பது அடி தள்ளித் தள்ளி நின்று கிண்ட வேண்டும் என்று ஆய்வாளர் குறிப்பு எழுதினார். ஒரே அண்டாவை அப்படிக் கிண்டுவது எப்படி என்பதைக் குறிப்பில் எழுதவில்லை. இதிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள் முற்பகலில் ஜன்னல் அதிர்ந்தது. காளீஸ்வரன் போன் அடித்தார். மரப்பெட்டிக்குள் அது அடித்து ஓய்ந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து முத்துச்செல்வி கூப்பிட்டாள்.

"இருக்கேன் அண்ணாச்சி. அது ஏழாயிரம்பண்ணைப் பக்கமாம்."

"ஆளு?"

"ரெண்டு பேருன்னு சொல்றாக."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பங்குனியில் புதைப்பு விழா நடந்தது. அலுவலகத்தின் பின்பக்கம் இரண்டு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தேங்காய் உடைத்து, எண் போட்ட பன்னிரண்டு கவர்களையும் வரிசையாக வைத்து மூடினார்கள். யாரும் தோண்டி எடுத்துவிடாமல் மேலே இரும்புக் கம்பிவலை. வலைக்குப் பூட்டு. பூட்டுக்கு அரக்கு முத்திரை. முத்திரைக்குக் காவலாகக் கருப்பணன் என்ற வாட்ச்மேன். 'அரசு மாதிரிகள் உறங்குகின்றன, தொந்தரவு செய்யாதீர்' என்று ஒரு பலகையும் வைத்தார்கள். பக்கத்து அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார்கள். ஆடி மாதத்தில் யாரோ எலுமிச்சம்பழம்கூட வைத்திருந்தார்கள்.

நூற்றெண்பதாம் நாள் ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. வீடியோ எடுக்க ஒருவர் வந்தார். சாமியானா போட்டிருந்தது. அரக்கை உடைத்து, பூட்டைத் திறந்து, ஓர் அடி தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. இரண்டு அடி தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. காளீஸ்வரனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். வேறு யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"கவர்கள் எங்கே?" என்றார் தனுஷ்கோடி.

"மக்கிருச்சுங்க சார்."

"மக்கியதைக் காட்டுங்கள்."

"மண்ணாப் போயிருச்சுங்க. இந்தா, இதுதான்." ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார்.

"இது வாரியத்தின் மண். நாங்கள் வரும்போதே இங்கே இருந்தது. இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் கவர் இதில் எது?"

காளீஸ்வரன் கையில் இருந்த மண்ணைப் பார்த்தார். அவருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"விதி பதினாலு. சோதனைக்குப் பெறப்பட்ட மாதிரிகள், சோதனை முடிந்ததும் அதே எண்ணிக்கையில், எண் தெரியும்படி கோப்பில் சேர்க்கப்பட வேண்டும். பன்னிரண்டு வாங்கியிருக்கிறோம். பன்னிரண்டு வர வேண்டும். ஒன்றாவது வந்திருந்தால் பதினொன்று காணவில்லை என்று எழுதலாம். நீங்கள் எங்களுக்கு எந்த வழியும் வைக்கவில்லை" என்றார் தனுஷ்கோடி. அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

'சோதனை முடிவு: மாதிரிகள் காணவில்லை' என்று அறிக்கை எழுதப்பட்டது. கருப்பணன் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அரசுப் பாதுகாப்பில் இருந்த பொருள் களவு போனதாகக் காவல் நிலையத்துக்குப் புகாரும் போயிற்று. விசாரிக்க வந்த ஏட்டு, யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று காளீஸ்வரனைக் கேட்டார். மண் மேல்தான் என்றார் இவர். ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அதே நாளில் பக்கத்துக் குழியும் திறக்கப்பட்டது. அது வெளியூர்க் கம்பெனி ஒன்றின் குழி. பன்னிரண்டு கவர்களும் அப்படியே வந்தன. குழாயடியில் கழுவினதும் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. குழு கைதட்டியது. 'பன்னிரண்டும் சேதமின்றித் திரும்பப் பெறப்பட்டன. மக்கும் பொருள் எனச் சான்றளிக்கலாம்' என்று தனுஷ்கோடி நின்ற இடத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

டீக்கடையில் சங்கிலிமுத்து பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க நல்ல சரக்கைக் கொடுத்துட்டு நிக்கீக அண்ணாச்சி. இங்கன திரும்பி வர்ற சரக்காக் கொடுக்கணும்."

"அது பிளாஸ்டிக்குல்லா?"

"என்னவோ. எங்களுக்குப் பன்னிரண்டு வரணும். அம்புட்டுதான்."

காளீஸ்வரன் அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருடம் பிளாஸ்டிக் விற்றபோது பிளாஸ்டிக் என்றே சொல்லி விற்றவர் அவர். மறுநாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய முத்துச்செல்வியைத் தெருமுனையில் பார்த்தார். அவள் கையெல்லாம் சாம்பல் நிறம். கழுவியும் போகாத நிறம்.

"திரி சுத்துற வேலைதானே உனக்கு?"

"ஆள் பத்தலைன்னு மருந்து நிரப்புற அறைக்கு மாத்திட்டாக அண்ணாச்சி. தீவாளி முடியிற வரைக்கும்னு சொன்னாக." பிறகு அவளே கேட்டாள். "சான்றிதழு என்னாச்சு? ஆறு மாசத்துக்கு மேல ஆச்சே."

அன்றே காளீஸ்வரன் பூட்டிக் கிடந்த குடோனைத் திறந்தார். பழைய கட்டிலிருந்து பன்னிரண்டு பிளாஸ்டிக் கவர்களை உருவி, தூசி தட்டி, ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஐப்பசியில் அவை குழிக்குள் போயின. எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள் அந்தக் குழிக்கும் வைத்தார்கள்.

சித்திரையில் பன்னிரண்டும் எழுந்து வந்தன. ஒன்றில்கூட ஒரு சுருக்கம் இல்லை. இந்த முறை மேடையே போட்டுவிட்டார்கள். தனுஷ்கோடி மைக்கைப் பிடித்தார்.

"இந்த வாரியம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நாம் புதைத்தவற்றில் ஒரே ஒரு தொகுதி தவிர எதுவும் வீண்போனதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு தொகுதியைக் கொடுத்தவரும் இதே காளீஸ்வரன் அவர்கள்தான். அவர் மனம் தளரவில்லை. தம் தவறைத் திருத்திக்கொண்டு வந்தார். இன்று அவருடைய கவர், நூற்றெண்பது நாள் மழையிலும் மண்ணிலும் கிடந்து, ஓர் எழுத்துக்கூட அழியாமல் வெளியே வந்திருக்கிறது. மக்கும் கவர் என்றால் இதுவல்லவா மக்கும் கவர்? மக்குவது பொருளின் குணமாக இருக்கலாம். அதை மக்கவிடாமல் காப்பது அலுவலகத்தின் கடமை. இந்தப் போட்டியில் இன்றுவரை அலுவலகமே வென்றுவருகிறது."

கைதட்டல் அடங்கியதும் சான்றிதழைக் கொடுத்தார். நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று அதற்கு இருபுறமும் கனமான பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தார்கள்.

மறுநாளே ஆர்டர் என்று சொன்ன லட்சுமிகாந்தம் மறுநாளே ஆர்டர் கொடுத்தார். இந்தக் கதையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான், கவரைச் சேர்க்காவிட்டால். காளீஸ்வரன் பிளாஸ்டிக் கட்டைக் குடோனில் பூட்டிவிட்டு, மக்காச்சோள அண்டாவை அடுப்பில் ஏற்றினார். முத்துச்செல்வி ஆலைக்குச் சொல்லிவிட்டு வந்து கட்டிங் மெஷினில் நின்றாள். தீபாவளி முடிந்தும் மருந்து அறையிலிருந்து மாற்றாததால் அவள் கையில் தங்கிவிட்ட சாம்பல் நிறம் போக மூன்று வாரம் ஆயிற்று. நாற்பது நாள் அந்த மெஷின் ஓடியது. அந்த நாற்பது நாளில் இரண்டு தடவை தூரத்தில் சத்தம் கேட்டது. காளீஸ்வரன் போனைத் தொடவில்லை. தலையைத் திருப்பி மெஷினைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நாற்பத்தோராவது நாள் தனுஷ்கோடி நேரடி ஆய்வுக்கு வந்தார். கையில் கோப்பு. கோப்புக்குள் அங்கீகரிக்கப்பட்ட மாதிரி. மெஷினிலிருந்து ஒரு கவரை எடுத்தார். குடிக்கக் கொடுத்த தண்ணீரில் நனைத்தார். சற்று நேரத்தில் கவர் ஓரம் குழைந்தது.

"இது குழைகிறதே."

"மக்கும் கவர்தானேங்க சார். அப்படித்தான் குழையும்."

"அங்கீகரிக்கப்பட்ட மாதிரி குழையவில்லை. நானே தோண்டி எடுத்தேன். ஊர் பார்க்கக் கழுவினேன்." பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் தேடினார். "பழுப்புத் துகளும் இல்லை. ஆகத் துகளும் இல்லை, உறுதியும் இல்லை. மக்காத மாதிரியைக் காட்டிச் சான்று வாங்கிவிட்டு மக்குகிற சரக்கை விற்றிருக்கிறீர்கள். இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்."

காளீஸ்வரனுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. சொன்னால் புதைத்தது பிளாஸ்டிக் என்று ஆகும். தடை செய்த பொருளை அரசு அலுவலகத்துக்குள் கொண்டுபோன குற்றம் தனியாக வரும். அவர் வாயை மூடிக்கொண்டார். தனுஷ்கோடி அதைக் குற்ற ஒப்புதல் என்று குறித்துக்கொண்டார்.

மெஷினுக்கு அரக்கு முத்திரை விழுந்தது. இருப்பில் இருந்த நாற்பதாயிரம் கவர்களும் சாட்சிப் பொருளாகி விருதுநகருக்குப் போயின. உள்ளே இடம் இல்லாததால் அலுவலகத்தின் பின்பக்கம், பழைய குழிக்குப் பக்கத்திலேயே, வெட்டவெளியில் அடுக்கினார்கள். 'வழக்கு முடியும்வரை எண்ணிக்கையும் தன்மையும் மாறாமல் வாரியத்தால் பாதுகாக்கப்படும்' என்று தனுஷ்கோடி கையெழுத்திட்ட ரசீது காளீஸ்வரன் கைக்கு வந்தது.

முத்துச்செல்வி மறுபடி வேனுக்குப் போனாள். விட்டுவிட்டுப் போனவளுக்குத் திரி சுற்றும் வேலை இல்லையாம். மருந்து அறை என்றால் வரலாமாம், தீபாவளிக் கணக்கெல்லாம் கிடையாதாம். சொல்லிக்கொண்டு போக வந்தாள்.

"நான்தாம்மா உன்னைக் கெடுத்துட்டேன்" என்றார் காளீஸ்வரன்.

"நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி. நாற்பது நாளு பயமில்லாமத் தூங்குனேன். அது போதும்" என்றாள். அவள் போன பிறகு அவர் நெடுநேரம் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. அழுதார்.

ஆவணி மாதம். ஆலைகளில் சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு பிற்பகல் மூன்று மணிக்குத் தென்மேற்கில் பெரிய சத்தம். காளீஸ்வரன் போன் அடித்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. இனி ஆறு மணிக்குத்தான் மரப்பெட்டியைத் திறப்பார்கள். வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தார். கால் மணி நேரத்தில் போன் ஒலித்தது. அதை எடுக்க அவருக்குப் பயமாக இருந்தது.

"இருக்கேன் அண்ணாச்சி. வெடி இல்ல, இடி. மின்னல் வெட்டுதுன்னு எல்லாரையும் வெளிய விட்டுட்டாக. இங்கன மழை கொட்டுது."

அவர் சுவரில் சாய்ந்தார்.

"நல்ல மழையா?"

"நல்ல மழை. விருதுநகர் பக்கம்தான் போகுதுன்னு டிரைவர் சொல்றாரு."

"நாளைக்கு?"

"நாளைக்கு வெயிலடிச்சா வேலை உண்டு அண்ணாச்சி."

போனை வைத்துவிட்டு காளீஸ்வரன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்தார். எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள், இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. 'ஐயா, தங்கள் அலுவலகப் பாதுகாப்பில் இருந்த நாற்பதாயிரம் கவர்கள் காணாமற்போனது குறித்து எனக்கு எதுவும் தெரியாது' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

தேதியை மட்டும் விட்டுவைத்தார். எத்தனை நாள் மழை வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. வெயிலே அடிக்காமல் விடாமல் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டார்.